கசோண்டே இரண்டாவது முறை விழுந்தபோது

முவிலா விடிகாலையில் ஓடுவதை எங்கள் முசாலா நகரில் பார்க்காதவர்கள் கிடையாது. சுரங்கத்துக்கு முதல் ஷிஃப்ட் போகிறவர்கள் லாரியின் பின்தட்டில் நின்றுகொண்டே அவளைப் பார்த்துக் கத்துவார்கள்.

"ஏ முவிலா! யாரு தொரத்துறா உன்ன?"

"யாரும் தொரத்தல. புருசன் எவனாவது சிக்குவானான்னு இவதான் தொரத்திக்கிட்டு ஓடுறா!"

லாரி முழுக்கச் சிரிக்கும். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். உருக்காலைப் புகை இறங்குகிற நாட்களில் தொண்டை எரியும்; மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஓடுவாள். பிறகு குளித்துவிட்டு சந்தைக்கு வந்து கடை விரிப்பாள். வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பழைய துணிகள்தான் அவள் வியாபாரம். அதை நாங்கள் சலாவுலா என்போம். முப்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. அம்மாவோடும் தம்பி கசோண்டேயோடும் ஒரே வீட்டில் இருந்தாள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. நாட்டின் முதல் பிரிவு கால்பந்து ஆட்டங்களில் நடுநாயகமாக நின்று விசில் ஊத வேண்டும். சும்மா கொடி பிடிக்கிற வேலை இல்லை, நடுவர் வேலை.

கொடி பிடிக்கிற வேலை என்னுடையது. சிமுகொண்டா என்றால் எங்கள் வட்டாரத்து மைதானங்களில் எல்லோருக்கும் தெரியும். எல்லைக்கோட்டோரம் ஓடிக்கொண்டே, முதுகுக்குப் பின்னால் வேலியில் தொங்குகிற ஜனங்களின் வசவுகளை வாங்கிக்கொண்டே காலத்தை ஓட்டியவன். பெண்கள் ஆட்டங்களிலும் பள்ளிக்கூட ஆட்டங்களிலும் முவிலா விசில் ஊதியபோதெல்லாம் பெரும்பாலும் நான்தான் அவளுக்குக் கொடி. அவளுக்கு ஒரு நல்ல குணம். தப்பாகச் சொல்லிவிட்டால் ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "அண்ணே, அந்த த்ரோ நான் தப்பாக் குடுத்துட்டேன்" என்பாள். ஆட்டத்துக்கு நடுவில் மட்டும் எதையும் நினைத்து வருத்தப்பட மாட்டாள்.

முதல் பிரிவுக்குப் போக இரண்டு கதவுகள் திறக்க வேண்டும். ஒன்று ஓட்டப் பரிட்சை. ஆண்களுக்கு வைக்கிற அதே நேரம், அதே தூரம். போன வருடம் கடைசிச் சுற்றில் கால் பிடித்துக்கொண்டு புல்லில் விழுந்தாள். மைதானத்துச் சுவரில் உட்கார்ந்திருந்த சக நடுவர்கள் கைதட்டினார்கள். அது பாராட்டு இல்லை. இரண்டாவது, பெரிய ஆட்டம் ஒன்றை அவள் நடத்த, மேலிடத்து மதிப்பீட்டாளர் ஒருவர் உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போட வேண்டும். அப்படி ஒரு ஆட்டத்தை அவளுக்குத் தர யாருக்கும் மனசு வரவில்லை.

அந்த அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை அது தானாகவே வந்தது. வரவே கூடாத விதத்தில் வந்தது.

எங்கள் ஊர் அணிக்கும் லுசோம்பா ரோவர்ஸுக்கும் பருவத்தின் கடைசி ஆட்டம். ரோவர்ஸுக்கு டிரா போதும், மேல் பிரிவுக்குப் போய்விடுவார்கள். நாங்கள் போக வேண்டுமானால் ஜெயித்தே ஆக வேண்டும். எங்கள் அணியில் கோல் போடுகிறவன் கசோண்டே, அவளுடைய தம்பி. அவனைப் பார்ப்பதற்கென்றே தலைநகர் லுசாகாவிலிருந்து ஒரு பெரிய கிளப்பின் ஆள் வந்து கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார். நடுவராக வரவேண்டியவர் மலேரியாவில் படுத்துவிட்டார் என்று மதியம்தான் சேதி வந்தது. நான்காவது நடுவராக, பெஞ்சோரம் நிற்பதற்காக வந்திருந்தவள் முவிலா. தகுதியுள்ள வேறு ஆள் அங்கே இல்லை.

உடை மாற்றும் அறையில், அன்றைய ஆட்டத்துக்கு மதிப்பெண் போட வந்திருந்த மதிப்பீட்டாளர் லுபாசி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பருத்த மனிதர், கையில் குடை. வெயிலுக்கும் அதே குடைதான்.

"ஐயா, கசோண்டே என் கூடப்பொறந்தவன்" என்றாள் முவிலா. "அத ரெண்டு கேப்டன்கிட்டயும் சொல்லிடணும். அவங்க வேணாம்னா நான் நிக்கல."

இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டுச் சொன்னார்கள்; எங்களவன் தலையாட்டினான். ரோவர்ஸ் கேப்டன் கெர்ஷோம் அவர்களுடைய கோல்கீப்பர். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். அவளை மேலும் கீழும் பார்த்தான். ஆட்டம் தள்ளிப்போனால் அவர்கள் இன்னொரு முறை பஸ் பிடித்து வர வேண்டும்.

"அக்காவா? சரி, நடத்தட்டும்" என்றான். "அவன் விழுந்தா தூக்கி விட ஒரு ஆளு வேணும்ல."

லுபாசி அவளிடம் திரும்பினார். "உன் மேல மார்க் போடத்தான் போறேன், அதையும் தெரிஞ்சுக்க. இன்னிக்கு வேணாம்னா சொல்லிடு, தப்பா நெனைக்க மாட்டேன். அடுத்த வருசம் பாக்கலாம்."

முவிலா குனிந்து ஷூ லேஸை இறுக்கிக் கட்டினாள். "அடுத்த வருசமும் இதே ஊருதான் சார். நிக்குறேன்."

ஆட்டம் தொடங்கியதிலிருந்தே ஜனம் பொல்லாத மனநிலையில் இருந்தது. வேலியைச் சுற்றி நிற்க இடமில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த உருக்காலைக் கசடு மேட்டில்கூட ஆட்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அவள் எதிரணிக்கு ஒரு ஃபிரீ கிக் கொடுத்ததும் ஆரம்பித்தது.

"போடி, போய் சோளக்களி கிண்டு!"

"ஏம்மா, அந்த விசிலுக்கு என்ன வெல? சட்டையோட சேத்துக் குடுப்பியா?"

அது என் முதுகுக்கு நேர் பின்னாலிருந்து வந்தது. என் காதில் விழுந்தது அவள் காதில் விழாமலா இருக்கும்? ஆனால் அவள் கண் பந்தை விட்டு நகரவில்லை. பந்தைக்கூட இல்லை, கால்களை. அவள் ஆளின் முகத்தையே பார்ப்பதில்லை என்று நான் கவனித்திருக்கிறேன். முகம் பொய் சொல்லும், வாயும் பொய் சொல்லும். முழங்காலுக்குக் கீழே பார்த்தால் போதும் என்பாள்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் அது நடந்தது. கசோண்டே பந்தைத் தள்ளிக்கொண்டு பெனால்டி பெட்டிக்குள் நுழைந்தான். ரோவர்ஸ் தடுப்பாட்டக்காரன் காலை நீட்டினான். நீட்டிவிட்டு, சட்டென்று இழுத்துக்கொண்டான். கசோண்டே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, யாரோ பின்னாலிருந்து சுட்டதுபோலக் குப்புற விழுந்தான். மைதானமே எழுந்து நின்றது. "பெனால்டி!" என்று ஒரே குரல்.

முவிலா விசில் ஊதினாள். ஓடி வந்தாள். தம்பிக்கு முன்னால் நின்று, சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து அவன் முகத்துக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

நடித்து விழுந்ததற்காக.

உடனே எழுந்த அப்படியொரு கூச்சலை நான் அதுவரை கேட்டதில்லை. கசோண்டே புழுதியோடு எழுந்து அவளுக்கு வெகு நெருக்கமாக வந்தான்.

"அக்கா, என்னக்கா பண்ற? அந்த லுசாகாக்காரரு பாத்துக்கிட்டு இருக்காரு!"

"ஒன்பதாம் நம்பர், தள்ளி நில்லு" என்றாள் முவிலா.

அவன் அவளைப் பார்த்த பார்வையை நான் கோட்டோரத்திலிருந்து பார்த்தேன். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள் திடீரென்று வேறு பாஷை பேசியதுபோல ஒரு பார்வை.

இடைவேளையில் நாங்கள் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் அவளுடைய அம்மா. தலையில் கட்டிய துணி அவிழ்ந்து தோளில் கிடந்தது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் தெரிந்தவர், விட்டுவிட்டார். உள்ளே லுபாசி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நடுவரோடு சொந்தக்காரர் அறையில் பேசினார் என்று அவர் எழுதினால் அவள் கதை அங்கேயே முடிந்தது.

"அம்மா, உள்ள வரக்கூடாது" என்று நான் குறுக்கே நின்றேன்.

"நீ தள்ளுப்பா. ஏய் முவிலா! ஊரே என் மூஞ்சில துப்புது. உங்கூடப் பொறந்தவன்டி அவன்! அவனுக்கு ஒரு வாழ்வு வர்ற நேரத்துல நீ குறுக்க நிக்குறியே. ஊருல மத்த பொண்ணுங்க மாதிரி நீயும் இருந்திருந்தா இன்னிக்கு இந்த நெலம வருமா?"

முவிலா பெஞ்சை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள். வாசற்படியைத் தாண்டவில்லை. அம்மாவையும் உள்ளே வரவிடவில்லை.

"அம்மா, இந்த ஆட்டம் முடியற வரைக்கும் நான் யாருக்கும் அக்கா இல்ல, யாருக்கும் மகளும் இல்ல. வீட்டுக்கு வந்து உன் வாய்க்கு வந்தபடி திட்டு, வாங்கிக்கறேன். இப்பப் போம்மா."

"வீடா? எந்த வீட்டுக்கு வருவ நீ?"

அம்மா போய்விட்டாள். முவிலா கதவைச் சாத்தினாள். லுபாசி குடையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே," என்று என் பக்கம் திரும்பினாள் முவிலா. குரல் சாதாரணமாக இருந்தது. "ரெண்டாவது பாதில உங்க பக்கத்து விங்ல பதினொன்னாம் நம்பர் முன்னாடியே ஓடுறான். ஆஃப்சைட் கொஞ்சம் கவனிச்சுக்குங்க."

இரண்டாம் பாதியில் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து எறிய ஆரம்பித்தார்கள். முதலில் காலி பாட்டில்கள், பிறகு கசடுத் துண்டுகள். ஒன்று என் தோளில் பட்டது. ஒன்று அவள் காலடியில் விழுந்து உருண்டது. குனிந்து எடுத்துக் கோட்டுக்கு வெளியே போட்டுவிட்டு ஓடினாள். கூட்டத்தில் ஒரு பகுதி பாட்டே கட்டிவிட்டது. அவள் பெயரும் கல்யாணம் ஆகாததும் அந்தப் பாட்டில் வந்தன. கோல் விழவில்லை. எங்கள் பையன்கள் முட்டிக்கொண்டே இருந்தார்கள். கெர்ஷோம் சுவர் மாதிரி நின்றான். பந்தைப் பிடிக்கும்போதெல்லாம் வேண்டுமென்றே கீழே படுத்து நேரத்தைக் கடத்தினான். முவிலா கடிகாரத்தைத் தட்டிக்காட்டி அந்த நேரத்தையெல்லாம் சேர்த்தாள்.

கூடுதல் நேரமும் முடியப்போகிற தறுவாய். கசோண்டேயிடம் பந்து வந்தது.

அவன் இடப்பக்கத்திலிருந்து உள்ளே வெட்டித் திரும்பினான். பெட்டிக்குள் நாலைந்து பேர். புழுதி. நான் எதிர்ப்பக்கக் கோட்டில் நின்றேன். எனக்குத் தெரிந்தது முதுகுகள் மட்டும்தான். முவிலா ஓடிவந்துகொண்டிருந்தாள், எல்லோரையும்விட அருகில். உதைக்கக் காலைத் தூக்கிய கசோண்டே விழுந்தான். இந்த முறை கையை விரிக்கவில்லை, கத்தவில்லை. தடுக்கி விழுகிற மனிதன் விழுவதுபோல விழுந்தான்.

அடுத்த கணம் அவள் தலைக்குள் என்ன ஓடியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். விசில் ஊதினால், ஜனத்துக்குப் பயந்து, அம்மாவுக்குப் பயந்து தம்பிக்குக் கொடுத்தாள் என்பார்கள். முதலில் நடித்தவன் இப்போதும் நடித்தான், அக்காவையே ஏமாற்றிவிட்டான் என்பார்கள். ஊதாவிட்டால் இந்த ஜனம் வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வரும். ஆனால் லுபாசியின் கண்ணுக்கு அதுதான் அழகாகத் தெரியும். கடைசி நிமிடத்தில் சொந்த ஊருக்கும் சொந்த ரத்தத்துக்கும் வளைந்து கொடுக்காத நடுவர்! மதிப்பெண் தானாக விழும். அவள் இத்தனை வருடம் ஓடியதற்கெல்லாம் கூலி கிடைக்க, வாயிலிருந்த விசிலை ஊதாமல் இருந்தாலே போதும்.

ஊதினாள். கை பெனால்டி புள்ளியைக் காட்டியது.

கெர்ஷோம் கோலை விட்டுப் பாய்ந்து வந்தான். அவனுக்குப் பின்னால் பாதி அணி. அவள் மூஞ்சிக்கும் அவன் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு கை அளவுகூட இடமில்லை.

"தம்பிக்குக் குடுக்குறியா? வெக்கமா இல்ல? அவன் நடிகன்னு நீதானே மொதல்ல சொன்ன!"

"அப்ப நடிச்சான். இப்ப அடிச்சாங்க."

"யாரு அடிச்சா? எவன் பாத்தான்?"

"நான் பாத்தேன். கோலுக்குப் போ."

அவன் அசையவில்லை. அவளும் ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை. நான் கொடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓட நினைத்தேன். அவள் இடது கையால் எனக்கு 'நில்லு' என்று காட்டினாள். வலது கை மஞ்சள் அட்டையை எடுத்தது. கெர்ஷோம் காறித் துப்பிவிட்டு, அவள் மேல் இல்லை, மண்ணில்தான், திரும்பி நடந்தான்.

இப்போது ஜனம் அவள் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. அதே வாய்கள். "எங்க முவிலா! எங்க பொண்ணு!" என் முதுகுக்குப் பின்னால் இருந்தவன் வேலியைப் பிடித்துக் குலுக்கினான். அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. வசவு அவளிடம் போய்ச் சேராத மாதிரியே இதுவும் போய்ச் சேரவில்லை.

பந்தைப் புள்ளியில் வைத்தவன் கசோண்டே. அவன்தான் அடிப்பான் என்பது அணியில் ஏற்கெனவே முடிவான விஷயம். அவன் அக்காவைப் பார்த்தான். அவள் கெர்ஷோமின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கோட்டை விட்டு நகர்கிறானா என்று. விசில். கசோண்டே அடித்தான். பந்து தாழ்வாக வலது மூலைக்குப் போனது. கெர்ஷோம் நீண்டு விழுந்து விரல் நுனியால் தட்டிவிட்டான்.

கம்பத்தை உரசிக்கொண்டு பந்து வெளியே போனது. கார்னரை அடித்தார்கள், தலைகள் மோதின, பந்து நடுமைதானத்துக்குப் பறந்தது. முவிலா கடைசி விசிலை ஊதினாள்.

வேலி சாய்ந்தது.

எங்களை போலீஸ்காரர்கள் சுற்றி நின்று அறைக்குள் தள்ளினார்கள். தகரக் கூரையில் கற்கள் மழை மாதிரி விழுந்தன. முதலில் மறுத்த அந்தப் பெனால்டியைக் கொடுத்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று வெளியே ஒருவன் தொண்டை கிழியக் கத்தினான். முவிலா பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். அப்போதுதான் பார்த்தேன், ஒரு கணுக்காலில் காலுறை ரத்தத்தில் ஒட்டியிருந்தது. எந்தக் கல் எப்போது பட்டது என்று அவளுக்கே தெரியவில்லை.

லுபாசி அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். கூரைச் சத்தத்துக்கு மேலாகக் குரலை உயர்த்திக் கேட்டார்.

"அந்தக் கடைசிப் பெனால்டி. நான் உக்காந்த இடத்துலேர்ந்து எனக்கு ஒண்ணும் தெரியல. என்ன பாத்த?"

"பின்னங்கால்ல தட்டினான் சார், குதிகாலுக்கு மேல. உதைக்கத் தூக்குன கால் இல்ல, ஊனுன கால்."

"குடுக்காம இருந்திருந்தா நான் உன்ன மெச்சிருப்பேன், தெரியுமா?"

"தெரியும் சார்."

அவர் பேனாவின் மூடியைத் திறந்தார். பிறகு சொன்னார்: "மொதல் பாதில ரெண்டு தடவ பந்துக்கு ரொம்பப் பின்தங்கிட்ட. ஓட்டம் பத்தாது. அதுக்கு மார்க் குறைப்பேன். மத்தது, நடுவர் என்னைவிடப் பக்கத்துல நின்னுருந்தாங்க, அவங்க பாத்ததத்தான் நான் ஏத்துக்கணும். அப்படித்தான் எழுதப்போறேன்."

அதன்பிறகு வந்த வாரங்கள் அவளுக்கு மோசமாக இருந்தன. சந்தையில் அவள் கடையில் யாரும் துணியைத் தொடவில்லை. பக்கத்துக் கடைக்காரி தன் விரிப்பைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அம்மா வீட்டை விட்டுத் துரத்தவில்லை. ஆனால் களியையும் கீரையையும் தட்டில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவாள். லுசாகாக்காரர் கசோண்டேயைக் கூப்பிடவில்லை. அவனும் அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மதிப்பீட்டில் தேறிவிட்டாள் என்று சேதி வந்தபோதுகூட, அவள் அதைச் சொன்னது என்னிடம் மட்டும்தான். ஓட்டப் பரிட்சை பாக்கி இருந்தது. அவள் ஓடினாள். லாரியில் போகிறவர்கள் இப்போது கேலி செய்யவில்லை, எதையாவது எறிந்தார்கள். நான் சைக்கிளில் கூடவே வருகிறேன் என்றேன். "வேணாம்ணே, உங்க மேலயும் விழும்" என்றுவிட்டாள்.

ஒருநாள் விடிகாலை நான் பால் வாங்க நின்றபோது அக்காவையும் தம்பியையும் சேர்த்துப் பார்த்தேன். அவள் ஓடிக்கொண்டிருந்தாள். சாலையின் உள்பக்கம் அவள். லாரிகள் போகிற பக்கம் கசோண்டே. இருவரும் என்னருகே வந்து மூச்சு வாங்க நின்றார்கள். அவன் புழுதியைப் பார்த்துக்கொண்டே சொன்னான், எனக்குச் சொல்வதுபோல.

"ரெண்டாவது வாட்டி நான் விழுந்தப்ப, இவ ஊத மாட்டான்னு நெனச்சேன்ணே. நானா இருந்தா ஊதிருக்க மாட்டேன். என்னைய மாதிரி ஒரு நடிகன எவன் நம்புவான்? இவ நம்புனா."

"நான் உன்ன நம்பலடா" என்றாள் முவிலா, முழங்காலில் கையூன்றியபடி. "உன் காலப் பாத்தேன். அவ்வளவுதான்."

கசோண்டே சிரித்துவிட்டான். அவளும்.

பிறகு அவன்தான் அவளை விரட்டினான். "கடைசிச் சுத்துல கையத் தொங்கப்போடாத, கைய ஆட்டு, கைய ஆட்டு" என்று பந்தாட்டக்காரன் பாணியில் கத்திக்கொண்டே முன்னால் ஓடுவான். டிசம்பர் மழை தொடங்கிய பிறகும் ஓடினார்கள். சிவப்புச் சேற்றில் இருவரும் முழங்கால்வரை நனைந்து வருவதைப் பார்த்து அம்மா ஒருநாள் வாயைத் திறந்தாளாம். "ரெண்டும் பைத்தியம். அந்தக் காலுறையெல்லாம் எவ தொவைக்கிறது?" அந்த வீட்டில் அதுதான் சமாதானம்.

ந்டோலா நகரில் ஓட்டப் பரிட்சை நடந்த நாளில் நானும் போயிருந்தேன். போன வருடம் கைதட்டியவர்களில் சிலர் இந்த வருடமும் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசிச் சுற்றில் அவள் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. வளைவில் தடுமாறினாள். சுவரில் ஒருவன், "விழுவா பாரு, இப்ப விழுவா" என்றான். கசோண்டே அவனைத் திரும்பிப் பார்த்தான், ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவள் விழவில்லை. கோட்டைத் தாண்டி, இன்னும் பத்தடி நடந்து, அதற்கப்புறம்தான் மண்டியிட்டு வாந்தி எடுத்தாள். நேரம் குறித்தவர் கடிகாரத்தைப் பார்த்து, சரி என்று தலையசைத்தார்.

மார்ச் மாதம் அவளுக்கு முதல் பிரிவில் முதல் ஆட்டம் கிடைத்தது. வடக்கே, கசாமாவில். எனக்கு அந்தத் தகுதி இல்லை, நான் போகவில்லை. திரும்பி வந்தவளிடம் சந்தையில் வைத்துக் கேட்டேன், எப்படி இருந்தது என்று.

"நல்ல மைதானம்ணே. புல்லு இருக்கு" என்றாள், ஒரு சட்டையை உதறி மடித்துக்கொண்டே. "ரெண்டு த்ரோ தப்பாக் குடுத்துட்டேன்."

"ஜனம்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "திட்டுனாங்கன்னு நெனைக்கிறேன்" என்றாள்.